மஞ்சள் கொடி கட்டியவன்

பைக் டாக்ஸியிலிருந்து இறங்கிய விடூரி சந்து முனைக் கம்பத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கேக் பெட்டி நழுவப் பார்த்தது.

மஞ்சள் கொடி...

தூறலில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஜகார்த்தாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு விளக்கம் வேண்டுமா என்ன? சந்துக்குள் ஒரு சாவு. யாராக இருக்கும்... மூன்றாம் வீட்டுப் பக்கவாதக்காரரா? பெண் கேட்டு வருகிறவர்களுக்காகக் கேக் வாங்கக் காலையில் கிளம்பியபோது, அவர் வாசலில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாரே...

முதல் திருப்பத்தில் இன்னொரு கொடி. அதன் குச்சி வழி காட்டுவதுபோல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கவாதக்காரர் ஜன்னலில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இல்லை. அடுத்த திருப்பத்தில், மசூதிச் சுவரில், மூன்றாவது கொடி. அதற்குப் பிறகு இருந்தவை நான்கே வீடுகள். அதில் கடைசி அவளுடையது.

'வேண்டாம்... வேண்டாம்...'

போன மாதம்தான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுதான் என்று சொல்லிச் சிரித்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மா போன அன்றும் இதே மசூதிச் சுவரில்தான் கொடி கட்டினார்கள். விடூரி ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கண்ணில் வழிந்தது மழையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் நெட்டையாக ஒருவன் ஏறி நின்று, வாயில் கயிற்றைக் கடித்தபடி நாலாவது கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். வந்த வேகத்தில் அவள் ஸ்டூலில் மோதினாள். ஸ்டூல் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், கேக் ஒரு பக்கம்...

"எப்போ?" என்றாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க... எப்போ போனாரு?"

"யாரும் போகலையே... இன்னும் வரவே இல்ல. மூணு மணிக்குத்தான் வருவாங்கன்னாரு."

"யாரு வருவா?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க." சேற்றில் உட்கார்ந்தபடியே அவன் சிரித்தான். "நீங்கதான் பொண்ணா? வாழ்த்துக்கள். வர்றவங்களுக்கு வழி தெரியற மாதிரி ஏதாச்சும் அடையாளம் வைப்பான்னு உங்கப்பா சொன்னாரு. எங்க ஊர்ல நல்ல காரியம்னா மஞ்சள்தான். ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கட்டுமேன்னு..."

அவளுக்குத் தலை சுற்றியது. கதவு திறந்தது. புதுப் பாத்திக் சட்டையும் கையில் சீப்புமாக அப்பா, சந்துவாசிகள் சங்கத் தலைவர் ஹர்ஸோனோ, முழுசாக, உயிரோடு, வாசனைத் தைலம் மணக்க வந்து நின்றார். விடூரி பாய்ந்து போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்னம்மா... ஒரு கேக் விழுந்ததுக்கா இப்படி?" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார். சீப்பு கையிலிருந்து விழுந்தது.

அந்தப் பையனின் பெயர் அஸ்ருல். ரியாவ் பக்கம் லிங்கா தீவிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஏ.சி. மெக்கானிக், எதிர்வீட்டு அம்மாள் இபு தூத்திக்கின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். இந்த ஊரில் மஞ்சள் எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இபு தூத்திக்கோ அப்போது வேறு வேலையாக இருந்தார். கொடியைப் பார்த்துவிட்டுச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுக்கொண்டிருந்தார்.

'நம் அன்புத் தலைவர் ஹர்ஸோனோ ஐயா காலமானார். அடக்கம் பற்றிய தகவல் பின்னர்.'

பிறகு நடந்ததை அந்தச் சந்து இன்னும் மறக்கவில்லை. தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு பத்துப் பேர் வந்தார்கள். சோற்றுக் குண்டானோடு பெண்கள் வந்தார்கள். மசூதியிலிருந்து சடலத்தைக் குளிப்பாட்டும் பலகையைத் தூக்கி வந்த இருவர், வாசலில் நின்ற 'பிணத்தை'ப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து ஆளுயர மலர்ப்பலகை சந்து முனையில் வந்து இறங்கியது. தன் பெயருக்கு நேரே 'ஆழ்ந்த இரங்கல்' என்று பூவால் எழுதியிருந்ததை ஹர்ஸோனோ எழுத்துக் கூட்டிப் படித்தார். வாய் திறந்தது, மூடவில்லை.

மூன்று மணிக்குப் பக்கத்து ஊரான பெகாசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்தது. சந்து முனையில் நின்றது. கண்ணாடி இறங்கியது, கொடியைப் பார்த்தது, மலர்ப்பலகையைப் பார்த்தது. கண்ணாடி ஏறியது. கார் பின்னாலேயே நகர்ந்து திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் போனில் ஒரே வரிதான் சொன்னார்கள். சகுனம் சரியில்லையாம்.

"உன்ன இந்தச் சந்தவிட்டே துரத்துறேன் பாரு," என்றார் ஹர்ஸோனோ.

அஸ்ருல் தலை குனிந்து நின்றான். போகும்போது ஒரே ஒருமுறை விடூரியைப் பார்த்தான். மழை சொட்டும் இமைகள்... பெரிய, கறுத்த, பயந்த கண்கள்... திட்ட வாயெடுத்தவள் என்ன திட்ட வந்தோம் என்பதையே மறந்தாள். 'சீ... செய்ததையும் செய்துவிட்டு எப்படிப் பார்க்கிறான்...' என்று தன்னையே கோபித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்கக் கூடிச் சாக்கடை சுத்தம் செய்தது. தலைவர் வீட்டு முன்பக்கம் மட்டும் அஸ்ருலுக்கு, தனியாக. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டுக் கடைசியாக அவனிடம் வந்தாள் விடூரி.

"இந்தாங்க. உங்க ஊர்ல காப்பி எதுக்குக் கொடுப்பாங்களோ, எனக்குத் தெரியாது."

"எங்க ஊர்லயும் குடிக்கத்தான்," என்றான் முழங்கால் வரை சேற்றோடு. "உப்புப் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கணும்."

அவன் குடித்தான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா... அடிக்க மாட்டீங்களே?" என்றான் அவன்.

"கேளுங்க. அடிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

"அவங்க கார் திரும்பிப் போச்சே... உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா?"

விடூரி திடுக்கிட்டாள். அப்பாவுக்கு எவ்வளவு அவமானம் என்று சந்தே பேசியது. செலவு பற்றிப் பேசியது, சகுனம் பற்றிப் பேசியது. உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது... அன்று ராத்திரி நசுங்கிய கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினாளே. வருத்தப்படுகிறவள் செய்கிற காரியமா அது?

"உங்களுக்கு எதுக்கு அது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, காப்பித் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சங்க வேலை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருந்தது. சங்கக் கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது, அஸ்ருல் சரிசெய்தான். கொசு மருந்து அடிக்கும் நாளைக் குழுவில் அறிவிக்க வேண்டும். சங்கச் செயலாளரான விடூரி எழுதினாள், அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். "தலைவர் உயிரோடதான் இருக்காரு, கொசுதான் சாகப்போகுது," என்று அவன் சேர்த்துச் சொன்னது அவள் காதுக்கு வந்தது. சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்த அன்றெல்லாம் அவள் அதிகம் சிரித்தாள். மழை பெய்தால் எதிர்மாடி ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கண் தானாகப் போனது. 'இது என்ன வம்பு...' என்று மனத்தை அதட்டினாள். மனம் கேட்டால்தானே.

அந்த நேரம் பார்த்து பெகாசியிலிருந்து மறுபடி போன். நடந்தது தெரிந்துவிட்டதாம். பழையதை மறந்துவிடலாமாம். இந்தச் சனிக்கிழமை வருகிறார்களாம். ஹர்ஸோனோவின் முகத்தில் போன களை திரும்பி வந்தது.

"ஆனா அவங்க வரும்போது அந்தப் பய இந்தச் சந்துல இருக்கக் கூடாது, விடூ. சங்கக் கூட்டத்துல நீயே அறிவிச்சிடு. ரெண்டு விஷயம்தான். சனிக்கிழமை நம்ம வீட்டு விசேஷம், எல்லாரும் வரணும். அவன் அதுக்குள்ள அறையக் காலி பண்ணணும்."

"அப்பா, என்கிட்ட ஒரு வார்த்த..."

"உன் நல்லதுக்குத்தானே எல்லாம்," என்று அவர் பாத்திக் சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. வெளியே அடைமழை. கடைசி வரிசையில் கதவோரம் அஸ்ருல் நின்றுகொண்டிருந்தான். விடூரி மைக்கை வாங்கினாள். இவன் போய்விட்டால்... சனிக்கிழமை வந்துவிட்டால்... அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து என்ன பயன்?

"சங்க அறிவிப்பு," என்றாள். "சனிக்கிழமை எங்க வீட்டுல விசேஷம்னு சொல்லச் சொன்னாங்க... அது நடக்காது."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. அப்பா பாதி எழுந்துவிட்டார்.

"அவங்க நல்லவங்கதான். ஆனா அந்த வீட்டுல யாருக்கும் என்கிட்ட கேக்கறதுக்கு ஒரு கேள்வி இல்ல. எனக்கு என்ன பிடிக்கும்னு கேக்கல. நானும் சொல்லல... தப்பு என் மேலயும் இருக்கு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரெண்டாவது அறிவிப்பு, அஸ்ருல் அறையக் காலி பண்ணணுமாம். அவர் போனா எனக்குத் தாங்காது. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. இதுவும் சங்கச் செய்திதான், எழுதிக்குங்க."

செய்தி போடுவதற்கென்றே பிறந்த இபு தூத்திக்கின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. ஹர்ஸோனோ தொப்பென்று உட்கார்ந்தார். தன் சாவுச் செய்தியைப் படித்தபோது கூட அவர் இப்படி வெளுக்கவில்லை.

பிறகு அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

அஸ்ருலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா... நீங்க போகச் சொன்னீங்க. நான் போறேன்."

விடூரி மைக்கைக் கீழே வைத்தாள். அவ்வளவு பேர் முன்னால்... சொல்லியிருக்கவே கூடாது... பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா...

"நாளைக்கே கிளம்பறேன். எங்கம்மாவக் கூட்டிட்டு வரணும். எங்க பக்கத்துல பொண்ணு கேக்க ஆம்பள தனியா வந்தா மரியாத இல்ல. எனக்கு இங்க வேற யாரும் இல்லைங்க."

ஹர்ஸோனோ மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா இருந்திருந்தால் உனக்கு என்ன பிடிக்கும் என்று எப்போதோ கேட்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லிங்காவுலேர்ந்து கப்பல்லதானே வரணும்... உங்கம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்குமா?"

"ஒத்துக்காதுங்க. ஆனா வருவாங்க."

"அப்போ மெதுவாவே வரச் சொல்லு," என்றார் அவர். "பெகாசிக்கு நான் பேசிக்கறேன். அடுத்த விஷயம்... தெருவிளக்கு."

தெருவிளக்கைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று விடூரிக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கூரை ஓரத்தில் அஸ்ருல் காத்திருந்தான். மழைச்சாரல் இரண்டு பேர்மேலும் அடித்தது. அவன் அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"எனக்கு இன்னும் நடுக்கம் நிக்கல," என்றான்.

"எனக்கும்தான். போறேன்னு சொன்னதும் உயிரே போயிடுச்சு. முழுசாச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"மன்னிச்சிடுங்க... பயத்துல முதல் பாதிதான் வந்துச்சு." கொஞ்சம் தயங்கினான். "சந்துக்கே சொன்னீங்க. மைக்குல சொன்னீங்க. என்கிட்ட மட்டும் இன்னும் சொல்லலையே..."

எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று பேசியவளுக்கு இப்போது தலையைத் தூக்க முடியவில்லை. காது மடல் சுட்டது. மழைச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பிடிச்சிருக்கு... ரொம்ப."