தெரசாவின் பெட்டி உபயோகத்தில் உள்ளது

வெள்ளிமலை ஆஸ்பத்திரி வாசலில் எழில்மதி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டு. உச்சி வேளையிலும் பனிமூட்டம் படி வரை வந்து நின்றிருந்தது.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவள் அவள். ஆஸ்பத்திரியின் மெயில் சர்வர் நிரம்பி வழிந்தது. ரத்தம் கேட்டு அனுப்பும் மெயில்கூட மலையைவிட்டுக் கீழே இறங்கவில்லை. வேலையைவிட்டுப் போனவர்கள், செத்தவர்கள் என்று நாற்பது பேரின் மெயில் பெட்டிகளை எப்போதோ நீக்கியிருந்தார்கள். நீக்கியும் அவை போகவில்லை.

"அழிச்சா போயிடணுமில்ல மேடம்?" என்றார் ஆபீஸ் கிளார்க் தைரியநாதன். மேஜையில் டிபன் டப்பா திறக்காமல் இருந்தது.

"முப்பது நாள் வச்சிருந்து தானா தூக்கிப் போடும் சார். இங்க ஏதோ ஒரு பெட்டி வழிய அடைச்சிக்கினு நிக்குது. அது போனாத்தான் இடம் காலியாகும்."

தேடினாள். கிடைத்தது.

தெரசா, நர்ஸ். உபயோகத்தில் உள்ளது. அழிக்க இயலாது.

"யாரு சார் இவங்க?"

"என் வூட்டுக்காரி."

ஜன்னல் கம்பியில் நீர் சொட்டியது.

மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் அங்கே ஒரு பழக்கம். கீழே இறங்கியவர் ஊர் சேர்ந்ததும் 'சேர்ந்தாச்சு' என்று ஒரு வரி மெயில் போட வேண்டும். அது வரும்வரை இங்கே இருப்பவர் சாப்பிட மாட்டார். ஐப்பசி மழையில் ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு தெரசா ஜீப்பில் இறங்கினாள். மூன்றாவது வளைவில் ஜீப் உருண்டது.

"தெனம் மதியம் 'சேர்ந்துட்டியா'ன்னு போடுறேன்" என்றார் தைரியநாதன். "இல்லாத பெட்டிக்குப் போட்டா மெயிலு திரும்பி வரணும். ஒரு நாளும் திரும்பல மேடம்."

எழில்மதி பெட்டியைத் திறந்தாள். தொண்ணூற்றாறு மெயில்கள்.

அத்தனையும் படிக்கப்பட்டிருந்தன.

படித்த இடம்: பிரசவ வார்டு கம்ப்யூட்டர்.

இருவரும் ஓடினார்கள். அந்தக் கம்ப்யூட்டர் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. பிளக் பிடுங்கி, ஒயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். எழில்மதி திரையைத் தொட்டாள்.

சூடு.

மழையில் நனைந்த பருத்திப் புடவையின் வாசனை வந்தது.

"பதில் ஏதாச்சும் எழுதியிருக்காளா?" தைரியநாதன் கிசுகிசுத்தார்.

"இல்ல சார்."

"சேர்ந்தாத்தான எழுதுவா..."

கட்டிலில் ஒருத்தி முனகினாள். நர்ஸ் நிர்மலா திரும்பி, "அண்ணே, ரத்தத்துக்கு மெயிலு போச்சா இல்லியா? ஜாஸ்தி நேரம் தாங்காதுண்ணே!" என்று கத்தினாள்.

தைரியநாதன் அந்தக் கட்டிலைப் பார்த்தார். பிறகு ஆபீஸுக்கு நடந்தார். உட்கார்ந்து டைப் செய்தார்.

'தெரசா, நான் சாப்ட்டேன். நீ கவலப்படாம போ.'

அனுப்பினார்.

டிபன் டப்பா மூடியபடியே இருந்தது.

திரையில் 'உபயோகத்தில் உள்ளது' என்ற வரி மறைந்தது.

"அழிச்சிடுங்க மேடம்."

எழில்மதி அழுத்தினாள். தெரசாவின் பெட்டி போயிற்று. பின்னாலேயே மற்ற முப்பத்தொன்பதும் போயின. தேங்கிய மெயில்கள் மளமளவென்று இறங்கின. நாலு மணிக்கெல்லாம் கீழிருந்து ரத்தம் வந்து சேர்ந்தது.

ஐந்தரை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்ட தைரியநாதன், "சேர்ந்ததும் ஒரு வரி போட்டுடுங்க" என்றார். அவள் தலையாட்டினாள்.

மூன்றாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் போன் அதிர்ந்தது. புது மெயில்.

அனுப்பியவர்: தெரசா.

'சேர்ந்தாச்சுன்னு அவருக்குப் போட்டுடுங்க மேடம். என்கிட்ட பொய் சொல்லிட்டாரு. இன்னும் சாப்புடாமதான் உக்காந்துகினு இருக்காரு.'