கடைசிக் கட்டிலில் இருந்தவர்

மைசூர் நஜர்பாத்தில் அந்தப் பழைய பங்களாவின் வாசலில் தீபா ஆட்டோவை விட்டு இறங்கியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. உலகப்போர் முடிந்த காலத்தில், பர்மாவிலிருந்து காயத்தோடு திரும்பிய சிப்பாய்களை வைத்திருந்த இடம் அது. இப்போது அருங்காட்சியகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காது கேளாதவர்களுக்கென்றே தனியாகச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று ஹெப்பாள் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண் சொல்லியிருந்தாள்.

தீபா பிறவியிலேயே காது கேளாதவள் அல்ல. மகள் சைத்ரா கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து எதிராளியின் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். தமிழ் தப்பாது. அதிலும் அவள் பிறந்த, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் என்றால் ஒரு சொல்கூடத் தவறாது. ஆனால் வீட்டில் கணவன் சந்துரு போனைப் பார்த்துக்கொண்டே பேசுவான். சைத்ரா அப்பாவிடம் கன்னடத்தில் மளமளவென்று எதையோ சொல்லிச் சிரிப்பாள். என்னவென்று கேட்டால் இருவர் உதட்டிலும் ஒரே சொல்தான் வரும்.

"ஒண்ணுமில்ல."

யாராவது தன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்களா என்ற ஏக்கத்தில்தான் அவள் அங்கே வந்தாள்.

சுற்றிக் காட்டிய பிரதிபா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒவ்வொரு முறையும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பேசினாள். பக்கத்தில் நின்ற விஜய்குமார் அதைச் சைகைமொழியில் சொன்னார். தீபாவுக்குச் சைகைமொழி அரைகுறைதான். அவள் பிரதிபாவின் வாயையே பார்த்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

மாடியில் ஒரே நீளக் கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். விரிப்புகள் ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. உள்ளே கால் வைத்ததும் பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு நாற்றம். ஆறாத புண்ணின், இனிப்புக் கலந்த நாற்றம். பார்வையாளர்களுக்காக இதையும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசிக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் சுற்றிக் கட்டு. இடுப்புவரை சாம்பல் நிறக் கம்பளி. வேஷம் போட்டு யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தீபா அருகே போனாள்.

அவர் பேசிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல், நிறுத்தாமல் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தீபா அவற்றைப் படித்தாள்.

"மல்லப்பன். எம்பேரு மல்லப்பன். ராமக்காகிட்டச் சொல்லோணும். நான் வந்துட்டன்னு சொல்லோணும். மல்லப்பன். எம்பேரு மல்லப்பன்..."

தன் ஊர்த் தமிழ். அவளையறியாமல் தலை அசைந்தது.

அவர் உதடுகள் நின்றன.

மெல்ல, மிக மெல்ல, முகம் அவள் பக்கம் திரும்பியது.

"அம்மிணி, நான் பேசறது உனக்குத் தெரியுதா?"

அதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரதிபா அந்தக் கட்டிலின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினாள். ஊன்றிய கை அவருடைய முழங்காலுக்குள் இறங்கி விரிப்பைத் தொட்டது.

தீபா ஓரடி பின்னால் போனாள்.

"இந்தக் கட்டில்ல இருந்தவர் பேரு யாருக்கும் தெரியாது," என்றாள் பிரதிபா. "தொண்டையில குண்டு பாய்ஞ்சு குரல் போயிடுச்சு. எழுதப் படிக்கவும் தெரியாது. சாகிற வரைக்கும் ஏதோ சொல்லிட்டே இருந்தாராம். இங்க இருந்த டாக்டர்களுக்குப் புரியல."

அவளுக்குப் பின்னால் அவர் தீபாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவிடவேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளை மட்டும் அப்படி நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. குரல் எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"எந்த ஊருங்க?"

"மஞ்சக்கரடு. ஹனூருக்கு மேக்கால. ராமக்கா எம்பட ஊட்டுக்காரி. காத்துட்டு இருப்பா, அம்மிணி. சொல்லிப்போடு."

கண்ணீர் வழிந்து தொண்டைக் கட்டில் இறங்கியது. கட்டு நனையவில்லை.

அன்று மாலை சந்துருவிடம் சொன்னாள். அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மழையில நனைஞ்சிட்ட. படு," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு, அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் ஹனூர் பஸ் ஏறினாள்.

மஞ்சக்கரட்டில் டீக்கடை வைத்திருந்த கவின்ராஜிடம் விசாரித்தாள். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ராமக்காளா?" கவின்ராஜ் டீ ஆற்றுவதை நிறுத்தினான். "எங்க அப்பாரோட அக்காங்க. போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு. நீங்க யாருங்க?"

தீபா அவன் வாயையே பார்த்தாள். அவனே தொடர்ந்தான்.

"அவங்க ஊட்டுக்காரரு சண்டைக்குப் போனவரு, வரவே இல்லீங்க. செத்துட்டாருன்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. தாலியக் கழட்டவே மாட்டேன்னுட்டாங்க. ராத்திரி அவருக்குன்னு ஒரு தட்டுல சோறு எடுத்து மூடி வெச்சுட்டுத்தான் படுப்பாங்க. காத்தால அதுல தண்ணி ஊத்தி எனக்குக் குடுத்துருவாங்க. அவரு பங்குச் சோத்துல வளந்தவனுங்க நானு."

திரும்பும் வழி முழுக்க அவள் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து அழுதாள்.

அடுத்த மாதம் மறுபடி அருங்காட்சியகத்துக்குப் போனாள். கூட்டம் சேருவதற்கு முன் மேலே போகட்டுமா என்று பிரதிபாவிடம் கேட்டாள்.

"என்ன தீபா, அந்தக் கூடம் உங்களுக்கு அவ்ளோ பிடிச்சிருச்சா?" பிரதிபா சிரித்தாள். "போங்க, நாங்க பின்னாடியே வர்றோம்."

பகல்தான். ஆனால் வானம் மூடியிருந்ததால் கூடத்துக்குள் வெளிச்சம் அழுக்குத் தண்ணீரைப்போல் தேங்கியிருந்தது. பினாயில் வாசனை. அதற்கு அடியில் அந்த இன்னொரு நாற்றம்.

அவர் அவளுக்காகவே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொன்னியா அம்மிணி? வராளா?"

வருவாங்க என்று சொல்லிவிடலாம். இன்னும் எழுபது எண்பது வருஷம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு 'ஒண்ணுமில்ல' என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"ராமக்கா செத்துப்போச்சுங்க. கடேசி வரைக்கும் தாலியக் கழட்டல. தெனமும் ராத்திரி உங்களுக்குன்னு சோறு எடுத்து வெச்சுச்சு."

அவர் அவள் வாயையே பார்த்தார். பிறகு, முதல் முறையாகக் கற்றுக்கொள்ளும் சொற்களைப்போல் ஒவ்வொன்றாக அவர் உதட்டில் வந்தன.

"சோறு... வெச்சாளா?"

"வெச்சாங்க."

அவர் தலையாட்டினார். கால் நீட்டிப் படுத்தார். கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கம்பளி கொஞ்சங்கொஞ்சமாகத் தணிந்தது. நெஞ்சு இருந்த இடம் தணிந்தது. முகம் இருந்த இடம் தணிந்தது. கடைசியில் ஒரு சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது.

தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசனை போகவில்லை.

காலுக்கடியில் மரத்தளம் அதிர்ந்தது. இரும்புக் கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவதை அவள் பாதங்கள் உணர்ந்தன.

திரும்பினாள்.

எல்லாக் கட்டில்களிலும் ஆட்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தலையில் கட்டுப் போட்டவர்கள். கை இல்லாதவர்கள். பாதி முகம் கருகியவர்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எல்லோருடைய உதடுகளும் அசைந்தன. இங்கே ஒருத்திக்குக் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஒவ்வொரு வாயாகப் படிக்கப் பார்த்தாள். ஒன்று கன்னடமாக இருக்கலாம். மற்றவை எந்தெந்தத் தேசத்துப் பேச்சோ. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலீங்களே," என்றாள். "நீங்க பேசறது எனக்குத் தெரியலீங்களே!"

அவர்கள் நிறுத்தினார்கள்.

வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில் மீசைகூடச் சரியாக அரும்பாத ஒரு சிப்பாய் இருந்தான். அவன் மட்டும் மறுபடி தொடங்கினான். ஒரே ஒரு சொல். உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. சேர்ந்தன, பிரிந்தன.

அம்மா என்று படிக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அடுத்த கட்டிலிலும் அதே சொல் எழுந்தது. அதற்கடுத்த கட்டிலிலும். கூடம் முழுவதும் உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன.

தீபா வாசலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் முந்தானையைப் பற்றியது. போகவிடாமல், குழந்தை பற்றுவதைப் போல, இறுக்கமாக.