ஷட்டர் சாத்தியிருந்தது

இறுகச் சாத்தி வைத்திருந்த ஷட்டரில், நாலாவது பலகைக்கும் ஐந்தாவது பலகைக்கும் நடுவே மட்டும் வெளிச்சம் கசிந்தது.

ஷெரின் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மத்தியானம் ஒன்றரை மணி. கரண்ட் போய் அரை மணி நேரமாகிவிட்டது. ஃபேன் நின்றுபோன அந்த முன்னறையில், அவள் கணவன் ஜோயல் தன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்த பேண்டேஜ் துணிச் சுருள்களின் பிளீச்சிங் நெடியும் ஆறிப்போன மீன்குழம்பு வாசனையும் அசையாமல் தேங்கிக் கிடந்தன.

அவளை நிறுத்தியது வெளிச்சமல்ல. அந்த ஷட்டரின் பலகைகள் எல்லாம் நடுவிலிருக்கும் ஒரே குச்சியில் கோத்தவை. குச்சியை மேலே தூக்கினால் அத்தனையும் திறக்கும். கீழே இழுத்தால் அத்தனையும் மூடும். ஒன்று மட்டும் திறக்காது.

ராஜபாளையத்தில் அந்தத் தெருவிலேயே ஜன்னலுக்கு உட்புறம் மர ஷட்டர் மாட்டிய வீடு இது ஒன்றுதான். மாட்டிய அன்று எதிர்வீட்டு ரத்தினம், "வீட்டுக்கு எதுக்குப்பா ஷட்டரு? டீக்கடை வைக்கப் போறியளா?" என்று சிரித்தார். ஜோயல் அசரவில்லை. "ஏட்டி, உள்ள இருந்து பாத்தா தெரு பூராவும் தெரியும். வெளிய நிக்கிற ஒரு பயலுக்கும் உன்னத் தெரியாது" என்றான். அவளும் நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான், மூன்று மாதத்துக்கு முன் இதே வெயில் நேரத்தில், ராக்கப்பன் என்பவன் அதே தெருப் பையன் சோணைமுத்துவை அரிவாளோடு விரட்டி வந்ததைப் பலகைச் சந்து வழியே கண்கொட்டாமல் பார்த்தாள். முதல் வெட்டு தோளில் இறங்கியது. இரண்டாவதைத் தடுத்த கையிலிருந்து மூன்று விரல்கள் தெறித்து மண்ணில் விழுந்தன. சோணைமுத்து தள்ளாடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான். சந்துக்கு நேரே அவன் கண். அது அவள் கண்ணுக்குள் பார்த்தது.

"அக்கா... கதவத் தொறங்கக்கா."

வெளியே தெரியாது என்றானே ஜோயல்!

ஷெரின் குச்சியைக் கீழே இழுத்துவிட்டாள். அப்புறம் வெறும் சத்தம்தான். தேங்காய் உடைக்கிற மாதிரி. எட்டுத் தடவை.

நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவள் சாட்சி. போன வாரம் ராக்கப்பனின் தம்பி பால்பாண்டி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பதமாகத்தான் பேசினான். "ஷட்டர் சாத்தியிருந்துச்சு, ஒண்ணும் தெரியலன்னு மட்டும் சொல்லுங்க தாயி. கேக்குறவுக கடை ஷட்டர்னு நெனச்சுக்கிடுவாக. பொய் சொன்ன பாவமும் இல்ல. இல்லேன்னா ஒங்க வீட்டுக்காரர அள்ளித்தான் எடுத்துட்டு வரணும்."

சரி என்று தலையாட்டியிருந்தாள். ஜோயல் உயிரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

செல்போன் அலறியது. ஜோயல்தான்.

"ஏட்டி, சர்க்காரு வக்கீலம்மாவப் பாத்துட்டேன். நம்ம ஷட்டரு போட்டோவக் காட்டிட்டேன். இது கடை ஷட்டர் இல்ல மேடம், சந்து வழியா எல்லாம் தெரியும், எம் பொண்டாட்டி பாத்தான்னு சொல்லிப்புட்டேன்."

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டு வாரீய! பக்கத்துல நின்னு யாரும் கேட்டாகளா?"

"கோர்ட்டு வாசல்ல ஆயிரம் பேரு நிப்பான். விடு. பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன், செத்த நேரத்துல வாரேன். சோத்தப் போட்டு வையி."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பைக் உறுமியது. போன் கட்டாகிவிட்டது.

டக்.

ஆறாவது பலகை. டக். ஏழாவது. குச்சி அசையவில்லை. பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாக, தூங்கி விழிக்கிறவனின் இமை மாதிரி, நிதானமாகத் திறந்துகொண்டிருந்தன. பிளீச்சிங் நெடியை அமுக்கிக்கொண்டு வேறொரு வாடை எழுந்தது. கறிக்கடை மரக்கட்டையின் வாடை.

"அக்கா..."

தட்டு விழுந்து சோறு சிதறியது.

"கதவத் தொறங்கக்கா."

பாய்ந்து போய்க் குச்சியைப் பிடித்தாள். கீழே இழுத்தாள். பலகைகள் படபடவென்று மூடின. உடம்பையே ஷட்டரில் சாய்த்துக்கொண்டு "இயேசுவே, இயேசுவே" என்றாள்.

யாரோ கதவை இடித்தார்கள்.

"ஷெரின்! கதவத் தொற! ஏட்டி, தொற!"

ஜோயல் குரல். அப்படியே அவன் குரல். கால் கதவுப் பக்கம் நகர்ந்தது. நின்றது. இப்போதுதானே அது 'அக்கா' என்றது? செத்தவனுக்கு யார் குரலும் வரும். கதவைத் திறக்க வைக்கத்தான் இது.

"போயிரு சோணைமுத்து! போயிரு!"

"நாந்தான்ட்டி! துரத்திட்டு வாரானுக! ஷெரின்..."

குரல் கதவிலிருந்து ஜன்னலுக்கு வந்தது. கம்பி அதிர்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் குச்சியைக் கீழே அமுக்கினாள்.

முதல் சத்தம்.

கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு. மூன்று. யாரோ அம்மா என்றார்கள். நாலு. ஐந்து. முகத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ சூடாகத் தெறித்தது. ஆறு. ஏழு.

பைக் கிளம்பிப் போனது. தெரு அமைதியாகிவிட்டது.

உள்ளங்கைக்குள் குச்சி அசைந்தது. இழுத்தாள். தொங்கினாள். அவள் கனத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குச்சி மேலே ஏறியது. அத்தனை பலகைகளும் ஒரே நேரத்தில் விரியத் திறந்தன.

வெயில்.

கம்பியில் கன்னம் பதிய ஜோயல் சாய்ந்து கிடந்தான். கழுத்து பாதிதான் இருந்தது. அவன் தோளில் தாடையை வைத்து, சிநேகிதன் மாதிரி அணைத்தபடி, பின்னால் சோணைமுத்து உட்கார்ந்திருந்தான். மிஞ்சியிருந்த இரண்டு விரல்களால் ஜோயலின் இமைகளை விரித்துப் பிடித்து, அந்தக் கண்ணைச் சந்துக்கு நேராக, அவள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான்.