மூன்று நிமிடச் சாப்பாடு

"அவன்கிட்ட சொல்லு, குளியலறை காலின்னு."

சொன்னவர் கூடத்தில் இருந்தார். கேட்க வேண்டியவனும் அதே கூடத்தில்தான், நாலடி தள்ளி, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்ற பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "காலியாம்ப்பா" என்றாள். "கேட்டுச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பஸ் ஓடாத பதினோராவது நாள் அந்த வீட்டில் இப்படித்தான் விடிந்தது. அண்ணன் டிரைவர், வேலைநிறுத்தத்தில் இருக்கிறார். தம்பி அதே கம்பெனியின் டைம் ஆபீசில், எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். எந்த அட்டவணையால் ஊரே நடந்து போய்க்கொண்டிருந்ததோ, அதைப் போட்ட புண்ணியவான் அவன்தான். ஒரே கூரை, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பெரியவள் பதினோரு நாளாக மத்தளமாக இருந்தாள்.

அட்டவணையில் மாறியது பார்வைக்குச் சின்ன விஷயம்தான். கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கும் நேரம் பத்து நிமிடமாக இருந்தது, அதை மூன்றாக்கிவிட்டார்கள். வண்டி சீக்கிரம் திரும்பினால் குறைந்த வண்டி போதுமே என்று வண்டிகளையும் குறைத்து, விடிகாலை டிரிப்புகள் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களும் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களும் அந்த வண்டிகளை நம்பித்தான் இருந்தார்கள். அவர்கள் பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்று நிமிடத்தில் ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போய் வந்து, கை கழுவி, நாலு வாய் சாப்பிட முடியுமா என்று டிரைவர்கள் கேட்டார்கள். பதில் வரவில்லை. சாவிகளைக் கொடுத்துவிட்டு டிப்போ வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு டிப்போவில் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருஷ சர்வீசில் ஒரு டிரிப்பும் தாமதமாகக் கிளப்பியதில்லை என்று பேர். தம்பிக்கு இப்போது புதிதாக 'கத்திரிக்கோல்' என்று வைத்திருந்தார்கள். அன்று காலை வீட்டு கேட்டில் யாரோ சாக்பீசால் பெரிய கத்திரிக்கோல் ஒன்றை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். படம் நன்றாகவே இருந்தது. அதுதான் சின்னவளுக்கு, அதாவது தம்பி மனைவிக்கு, இன்னும் ஆத்திரம்.

"இனிமே ஒரு நாளும் இங்க இருக்க முடியாது அக்கா. ஞாயித்துக்கிழமை லாரி சொல்லியாச்சு. வீடு பார்த்தாச்சு."

பெரியவள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படத்தைத் துடைத்தாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவனுக்கு ஒன்பது வயசு. தாயில்லாப் பிள்ளை. அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதை அவள் பெரிதாக நினைக்காமல் போனதே அவனால்தான். அவன் காய்ச்சலுக்கும் கணக்குப் பரீட்சைக்கும் விழித்திருந்தவள் அவள். அந்தப் பிள்ளை லாரி ஏறிப் போனால், அண்ணனும் தம்பியும் இனி சாவுக்குத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

குளித்து வந்த சின்னவனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்த மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் மாற்றக் கூடாதா என்று கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன கனவு கண்டா போட்டேன் அண்ணி? ஆறு மாசம் டைம் கீப்பர் எழுதின நேரத்தைப் பார்த்துத்தான் போட்டேன். ஏழு நிமிஷம் லேட்டா வந்தாக்கூட, மூணே நிமிஷத்துல வண்டியைத் திருப்பி டயத்துக்குக் கிளப்புறவர் இருக்காரு. ஒருத்தரால முடியும்னா எல்லாராலயும் முடியும்."

கையில் இருந்த தாளை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு அவன் சட்டை மாட்டப் போனான். பெரியவள் எட்டிப் பார்த்தாள். மதிய டிரிப், மூன்று நிமிடம், மூன்று நிமிடம், மூன்று நிமிடம் என்று தாள் முழுக்க இறங்கியது. மேலே டிரைவரின் பேர் இல்லை, பேட்ஜ் நம்பர் மட்டும் இருந்தது. முந்நூற்றுப் பதினேழு.

அந்த நம்பரை அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு இரண்டு சட்டை வீதம், பாக்கெட்டுக்கு மேலே நூல் கோர்த்துத் தைத்தவள் அவளே. அது அவள் புருஷனின் நம்பர்.

நானூறு டிரைவர்களின் கழுத்தில் விழுந்த கயிறு அவர் ஓட்டிய ஓட்டத்தில் திரித்தது. அவருக்கு அது தெரியாது. பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அண்ணன் மேல் இருந்த பெருமையில், அவரையே அளவுகோலாக எடுத்துவிட்டான். பெருமை இப்படியும் குடும்பத்தைக் கெடுக்கும்.

ஆனால் அந்த மூன்று நிமிடம் எப்படி வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு அவள் கடைசி ஸ்டாப்பில் போய் நிற்பாள். சோற்றைப் பிசைந்து, வாய்க்கு அளவாக உருட்டி, டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோவாள். கை கழுவச் சொம்பில் தண்ணீர். அவர் இறங்கி நின்றபடியே விழுங்குவார். அதற்குள் அவள் முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் துடைத்து முடிப்பாள். காலையில் இருந்து அவர் சொட்டுத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். கழிப்பறை ரோட்டுக்கு அந்தப் பக்கம். போய் வர ஆறு நிமிடம். குடித்தால்தானே போக வேண்டும்? போன வருஷம் சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் காட்டிய படம் பீரோவில் அவள் புடவைக்கு அடியில் இருந்தது.

சின்னவன் அவசரத்தில் தன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுக் கிளம்பியிருந்தான். பெரியவள் அதை எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்தாள். வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். நல்லவேளை, அவள் புருஷன் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டினாள்.

டைம் ஆபீஸ் நடையில் வைத்து டப்பாவைக் கொடுத்தாள். வேறொன்றும் விளக்கவில்லை.

"எங்கம்மா தவறிப்போன மாசம் நான் ஒன்பது நாள் எங்க ஊர்ல இருந்தேனே... அந்த ஒன்பது நாளும் உங்க அண்ணன் எத்தனை நிமிஷத்துல கிளம்பினார்னு மட்டும் ஒரு தரம் பாருப்பா. எனக்காக."

அவன் முகம் சுளித்தான். "அண்ணனுக்காகத் தூது வந்தீங்களா?" என்று கேட்டான். அவள் திரும்பி நடந்தாள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டது. சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கேட்டுக்குள்ள போனியா?"

"போனேன். டப்பாவை மறந்துட்டான், குடுக்கப் போனேன்."

"நானூறு பேர் வெயில்ல உக்காந்திருக்கான். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க அரைவயிறு சாப்பிடுது. என் பொண்டாட்டி அவங்க கண்ணு முன்னால உள்ள போறா... டப்பா குடுக்க. நான் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினேன்னு பேசுறாங்கடி."

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் அவர்? உன் ஓட்டம்தான் எல்லார் சோற்றிலும் மண் போட்டது என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருபத்தொரு வருஷத்துல உன்னை ஒரு சொல் சொன்னதில்ல. இப்ப சொல்றேன். ஞாயித்துக்கிழமை லாரி வருதுல்ல... நீயும் அதுல ஏறிக்க. உன் பிள்ளைகூடவே போயிடு."

குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் அவள் அழுதாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தாள். நேற்று வரை முகம் கொடுத்துப் பேசாத பெண். அந்த இரக்கமே பெரியவளுக்கு இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. கட்டிலைக் கழற்றி ஏற்றிவிட்டார்கள். பீரோவைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விடிந்ததும் விடியாததுமாக ஆபீசுக்குப் போயிருந்த சின்னவன் திரும்பி வந்தான். கையில் ஒரு கட்டுத் தாள். நேரே அண்ணன் முன்னால் போய் நின்றான்.

"எதுவானாலும் உன் அண்ணிகிட்ட சொல்லு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இல்லண்ணே. இதை உங்ககிட்டதான் சொல்லணும்."

தாளை அவர் மடியில் வைத்தான். மூன்று, மூன்று என்று வந்த வரிசையில் ஒன்பது நாள் மட்டும் சிவப்பில் சுழித்திருந்தது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினொன்று. மறுபடி பதிமூன்று. பத்தாம் நாள் திரும்பவும் மூன்று.

அவர் நம்பரைப் பார்த்தார். "அப்போ... இந்த மூணு நிமிஷம் என்னோடதா?"

"உங்களோடது இல்லண்ணே. அண்ணியோடது." சின்னவன் அழுதுவிட்டான். "அண்ணி அங்க இல்லாத ஒன்பது நாளும் நீங்களும் எல்லாரையும் போலத்தான். நான் ஒரு டிரைவரை அளந்தேன்னு நினைச்சேன். ரெண்டு பேரை அளந்திருக்கேன். மத்தவங்களுக்கு அங்க யார் உருட்டி வச்சுக்கிட்டு நிக்கிறா?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"டிப்போவுக்குப் போன அன்னைக்குக் காலையிலேயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க உடைஞ்சுபோவீங்க. என்னைத் திட்டினா... நான் தாங்கிக்குவேன்."

லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கு சொன்னது..." என்றார். அவள் கை நனைந்தது. சின்னவள் லாரிக்காரரிடம் போய், கட்டிலை இறக்குங்க என்றாள்.

அன்று மதியமே அண்ணனும் தம்பியும் ஒன்றாக டிப்போ வாசலுக்குப் போனார்கள். தம்பி பேசட்டும் என்று அவர் விடவில்லை. அந்த நேரம் என்னுடையதுதான், நான் லேட் ஆகக் கூடாது என்ற வீம்பில் உங்கள் எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டேன் என்று அவரே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். வேறொரு வண்டியின் கண்டக்டர் முன்னால் வந்தார்.

"கடிகாரம் ஓடினது எங்களுக்குத் தெரியும். சாவி குடுத்தது அண்ணின்னு இப்பத்தானே தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு.

அந்தத் தாளைச் சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தது. அளந்தது தப்பு என்று சின்னவன் கையெழுத்துப் போட்டே கொடுத்தான். பதினேழாம் நாள் முடிவு வந்தது. பத்து நிமிடம் திரும்பக் கிடைத்தது. வண்டி லேட்டாக வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். விடிகாலை டிரிப்பில் இரண்டு வந்தது. ஒன்று வரவே இல்லை. சின்னவனை டைம் ஆபீசிலிருந்து தூக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு மாற்றினார்கள். இப்போது அவன் குடைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறான். குடைகள் யாரையும் கெடுக்காது என்று அண்ணன் சொன்னார்.

பஸ் ஓடிய முதல் நாள், பழக்கம் விடாமல், ஒன்று பத்துக்குப் பெரியவள் கடைசி ஸ்டாப்பில் நின்றாள். டப்பாவில் உருண்டைகள். வண்டி வந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். அந்த இடத்தில் எஞ்சின் அணைந்து அவள் கேட்டதே இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய், நிதானமாகத் திரும்பி வந்து, அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்து முடித்தார்.

அவள் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடி துடைக்கப் போனாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உக்காரு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

பன்னிரண்டு வருஷமாக நின்ற இடத்தில் அவள் முதல்முறையாக உட்கார்ந்தாள். அவர் டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா?"

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் அந்த உருண்டையை அவள் கையில் வைத்தார்.