குழாய்ச் சக்கரத்தில் ஒரு தொப்பி

"தொப்பிய எடுக்காத, கிளிஃபர்ட்! அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு!"

"காலங்காத்தால ஆரம்பிக்காத, வெர்னா! பதினோரு மணிக்கு மேயர் திறந்துவைக்க வராரு. வெறுந்தொட்டியவா காட்டச் சொல்ற?"

எங்கள் ஒஹாயோ ஏரிக்கரை ஊரின் மீன் காட்சியகத்துக்கு நூறு வயது. பச்சைக் கண்ணாடி ஓடு பதித்த வளைவுக் கூரை. உள்ளே நின்றால் நாமே தண்ணீருக்கடியில் இருப்பது போலிருக்கும்; அதற்காகவே ஊர் வரிசையில் நிற்கும். அன்று நான் கண்ணாடி துடைக்கப் போயிருந்தேன். சரி, வேடிக்கை பார்க்கத்தான்.

வெர்னாவுக்கு எதிர்வீடு நான், எனக்குத் தெரியாததா? காலித் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கிறவர், வெளியே குழாய்ச் சக்கரத்தில் தன் தொப்பியை மாட்டிவிட்டுப் போவார். தொப்பி தொங்கினால் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன், சாப்பாடு கொண்டுபோன வெர்னா, புருஷன் லைலின் தொப்பி நாறுகிறதென்று துவைக்க எடுத்து வந்துவிட்டாள். அது கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். அங்கே யாரோ சக்கரத்தைத் திருப்பினார்கள். தொட்டிக்கு மேலே இரும்பு மூடி.

அன்றைக்கு மூடிய காட்சியகம், இப்போதுதான் மறுபடி திறக்கவிருந்தது. துவைத்த அதே தொப்பியை வெர்னா விடியலிலேயே கொண்டுவந்து சக்கரத்தில் மாட்டியிருந்தாள்.

"ஒரு தடவ எடுத்துட்டேன். இன்னொரு தடவ வேணாம்" என்று கெஞ்சினாள்.

காட்சியகப் பொறுப்பாளர் கிளிஃபர்ட் தொப்பியை வாளியில் எறிந்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார்.

பாசி வாடையோடு தண்ணீர் ஏறியது.

கண்ணாடியின் உட்புறம், ஓர் ஆளின் முக உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது. அழிந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு.

தண்ணீர் அதைத் தொட்டதும், மூச்சு ஒரு சாண் மேலே போனது.

"மூடு! கிளிஃபர்ட், மூடு!"

அவர் வெளிறிப்போய்ச் சக்கரத்தில் தொங்கினார். நானும் பிடித்துத் தொங்கினேன். அது அசையவில்லை.

"லைல், கொஞ்சம் பொறுத்துக்கய்யா..." வெர்னா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

மூச்சு வேகமெடுத்தது. மேலே. இன்னும் மேலே.

மூடியின் விளிம்பில், ஒரு விரற்கடை இடத்தில், ஒருமுறை படிந்தது.

பிறகு தண்ணீர்தான்.

மேயர் சரியான நேரத்துக்கு வந்தார். கைதட்டினோம்.

கிளிஃபர்ட், டிக்கெட் கொடுக்கும் டொலோரஸைக் கட்டிக்கொண்டு டொலீடோவுக்குப் போய்விட்டார். வீட்டில் பூஞ்சாடியில்கூடத் தண்ணீர் வைக்க விடுவதில்லையாம். வெர்னா அரிசோனாவில் தங்கையிடம் குடிபோனாள். அவள் கிளம்பிய காலையிலிருந்து அந்தத் தொட்டி மீன்கள் இரண்டாகப் பிரிந்தே நீந்துகின்றன. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இடைவெளி. ஒரு குஞ்சுகூட அதற்குள் போவதில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் முண்டியடிக்கிறார்கள்.

இடைவெளிக்கு முகம் ஏது என்று கேட்பீர்கள். வெர்னா சாப்பாடு கொண்டுவந்த வாசலைப் பார்த்துத்தான் நிற்கிறது.