எல்லைக் கல்லருகே முப்பது இட்லி

சனிக்கிழமை காலை எட்டு பத்து.

ஸ்டேஷன் போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சுகன்யா வாயில் பாதி வடையோடு ரிசீவரை எடுத்தாள். காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து மூன்றே வாரம். இதுவரை வந்த கேஸ்கள்... இரண்டு ஆடு, ஒரு மோட்டார் ஒயர், ஒரு மாமியார்.

"மேடம்... செலியமேட்டுலேருந்து விஜயராணி பேசறேன்... என் புள்ளையக் காணோம் மேடம்!"

"வயசு என்னம்மா?"

"இருவத்தாறு."

"இருபத்தாறு வயசுப் பையன் காலையில எட்டு மணிக்குக் காணலைன்னா டீக்கடை பெஞ்சுல தேடுங்கம்மா."

"அவன் ஒக்காந்தா பெஞ்சு தாங்காது மேடம்... நூத்திப் பதினெட்டு கிலோ!"

வடை தொண்டையில் நின்றது.

கலைவேந்தன்! அவனைப் பற்றி அவள் வந்த அன்றே கேள்விப்பட்டிருந்தாள். பத்து வயது வரை செலியமேடு. அப்புறம் அப்பாவின் பிரெஞ்சு ராணுவ வேலை அவனை பிரான்சுக்குக் கொண்டுபோனது. அங்கே ரக்பி அவனைப் பிடித்துக்கொண்டது. இப்போது அமெரிக்காவில் 'ஒமாஹா பைசன்ஸ்' என்ற தொழில்முறை ரக்பி அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறான். வேலை ரொம்ப எளிது. எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம் தோள் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள். அதில் முதல் வரிசையில் நின்று முட்டுகிற 'ப்ராப்' இவன்.

அப்பா இறந்த பிறகு அம்மா ஊருக்கே திரும்பிவிட்டாள். அவளைப் பார்க்கத்தான் லீவில் வந்திருந்தான்.

அப்படிப்பட்ட ஆளைக் காணோம்!

ஜீப் பறந்தது.

செலியமேட்டில் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். நாளை மாலை திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதி. திருவிழா பந்தோபஸ்துக்காக அங்கேயே இருந்த தலைமைக் காவலர் சுப்புராயன் விஜயராணியின் வாசலில், கோயில் டியூட்டி என்று வெறுங்காலோடு, விறைப்பாக சல்யூட் அடித்தார். அவருக்கு இந்த ஊரில் தெரியாத ஆள் இல்லை.

சுகன்யா அறையை அலசினாள்.

கட்டில் உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. பதினாலாம் நம்பர் செருப்பு மட்டும் வாசலில் அனாதையாகக் கிடந்தது.

"இந்த சைஸ் ஆளை சத்தமில்லாம எப்படித் தூக்கிட்டுப் போனாங்க?"

"மயக்க மருந்து குடுத்திருப்பானுங்க மேடம்" என்றார் சுப்புராயன்.

"சரி... மயங்கின பிறகு எப்படித் தூக்கினாங்க? கிரேன் வெச்சா?"

சுப்புராயன் சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வலது மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"சுளுக்கு மேடம். நேத்து ஊர்வலத்துல கூட்டத்தைத் தள்ளினேன்."

விஜயராணி சமையல்கட்டிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கி வந்தாள். உள்ளே பன்னிரண்டு அவித்த முட்டைகள்.

"ஊரே கவுச்சி தொடாம இருக்குது மேடம்... புள்ளைக்காகத் திருட்டுத்தனமா அவிச்சு வெச்சேன். முட்டை இல்லாம அவனுக்குப் பொழுதே விடியாது. அப்படியே கெடக்குது பாருங்க..."

ஓவென்று அழுதாள்.

அப்போது கோட்டும் வியர்வையுமாக ஓர் ஆள் உள்ளே ஓடி வந்தான். பெயர் எழிலரசன். கலைவேந்தனின் ஏஜென்ட். அவனை விமானத்தில் ஏற்றிவிட சென்னையிலிருந்து வந்திருந்தான்.

"மேடம்... இன்னைக்கு நைட் ஃபிளைட்! திங்கட்கிழமை அவன் கேம்ப்ல நிக்கணும். நிக்கலேன்னா கான்ட்ராக்ட் கேன்சல். மூணு வருஷக் கான்ட்ராக்ட் மேடம்!"

"காணாமப் போனவன் எப்படிய்யா நிப்பான்?"

"அதுக்கும் ஷரத்து இருக்கு. அவன் சக்திக்கு மீறின ஏதாவது தடுத்தா ரெண்டு நாள் தள்ளிக் கொடுப்பாங்க. ஆனா லோக்கல் போலீஸ் எழுத்துல தரணும்."

"முதல்ல ஆள் கிடைக்கட்டும்... யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"நேத்து ஒருத்தன் அவன் சட்டையைப் பிடிச்சான். கபடிக்காரன்!"

பத்தாவது நிமிடம் மணிவண்ணன் எதிரே நின்றான். செலியமேடு கபடி அணியின் கேப்டன்.

"எதுக்குடா சட்டையைப் பிடிச்சே?"

"நாளைக்குக் காலையில அபிஷேகப்பாக்கத்தோட ஃபைனல் மேடம். ஒரே ஒரு மேட்ச் ஆடுடான்னேன். கான்ட்ராக்ட்ல வேற ஆட்டம் கூடாதுன்னான். கோவத்துல புடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்படியே என்னைத் தூக்கி நெல்லு மூட்டை மேல ஒக்கார வெச்சிட்டுப் போயிட்டான்."

எழிலரசன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"ஆளைக் கொடுக்கலேன்னதும் கடத்திட்டே. அப்படித்தானே? ஏறு ஜீப்ல!"

"அடிக்கணும்னா இங்கியே அடிங்க மேடம். எல்லைக் கல்லைத் தாண்டி மட்டும் வர மாட்டேன்."

"ஏன்?"

மணிவண்ணன் வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் துண்டோடு மஞ்சள் கயிறு.

"காப்பு கட்டிக்கினேன். தீ மிதிச்சு அவுக்கற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்பு போடக் கூடாது. கவுச்சி தொடக் கூடாது. தப்பினா அம்மன் சும்மா வுட மாட்டா மேடம்."

சுகன்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

விஜயராணியின் செல்போன் ஒலித்தது!

திரையில் கலைவேந்தனின் பெயர். சுகன்யா ஸ்பீக்கரைப் போட்டாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு ஒரு குரல் பேசியது.

"உன் புள்ள நல்லாத்தான் கீறான். அவன் இன்னிக்கு பிளேன் ஏறக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் நாங்களே வுட்டுடுவோம்."

"யாருடா நீ? எவ்வளவு வேணும்?" சுகன்யா சீறினாள்.

"பணமெல்லாம் வேணாம் மேடம். முப்பது இட்லி... ஒரு தூக்கு சாம்பார். பன்னெண்டு மணிக்கு எல்லைக் கல்லாண்ட வைங்க. கல்லுக்கு ஊர்ப்பக்கமா வைக்கணும். அந்தப் பக்கம் வெச்சா எடுக்க மாட்டோம். அப்புறம்... முட்டை வேணாம்."

இணைப்பு அறுந்தது. திருப்பி அடித்தாள். சுவிட்ச் ஆஃப்!

மணிவண்ணன் கண்ணெதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆக, இவன் இல்லை.

சுப்புராயன் வாயைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"டீ குடிக்கப் போனேன் மேடம். இன்னா ஆச்சு?"

சுகன்யா சொன்னாள். அவர் 'அடப்பாவி' என்று உச்சுக் கொட்டினார். விஜயராணியோ, அதுவரை அழுதுகொண்டிருந்தவள், சட்டென்று மூக்கைச் சிந்திவிட்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

பகல் பன்னிரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஊருக்கு வெளியே நெல் வயல்களுக்கு நடுவே மஞ்சள் பூசிய எல்லைக் கல். அதற்கு ஊர்ப்பக்கமாகப் பெரிய தூக்கு இரண்டு.

"நான் இந்தப் பனைமரத்துக்குப் பின்னால நின்னுக்கறேன் மேடம். நீங்க அந்த டர்னிங்ல நின்னா ஓடறவனை மடக்கிடலாம்" என்றார் சுப்புராயன்.

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. சுகன்யா போய் நின்றாள்.

இருபது நிமிடம். யாரும் ஓடி வரவில்லை.

திரும்பி வந்தாள். தூக்கு இரண்டையும் காணோம்!

"ஆட்டு மந்தை ஒண்ணு வந்தது மேடம்... மறைச்சிடுச்சு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள..."

சுகன்யா கத்தவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். புழுதியில் ஒரு குளம்புத் தடம் இல்லை. ஒரு புழுக்கை இல்லை. இவ்வளவு ஒழுக்கமான மந்தையை அவள் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை.

'கல்லுக்கு ஊர்ப்பக்கமா வைக்கணும்.'

கடத்துகிறவனுக்குக் கல்லைத் தாண்டினால் என்ன? ஓர் அடிதானே? தாண்ட முடியாதவன் ஒருவன்தான். கையில் காப்பு கட்டியவன்!

"சரி விடுங்க. ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். எழுதலாம். ஏறுங்க."

"நீங்க போங்க மேடம். எனக்கு பந்தோபஸ்து..."

"ஜீப்ல வரவேணாம். இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு அடி வைங்க... போதும்."

சுப்புராயன் நகரவில்லை.

வயலில் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"கைக்குட்டையை அவிழுங்க ஏட்டய்யா."

அவிழ்த்தார்.

மஞ்சள் கயிறு!

"பதினெட்டு வருஷம் சர்வீஸ்... உங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை? பையன் எங்கே?"

சுப்புராயன் கல்லுக்கு ஊர்ப்பக்கம் வயலுக்குள்ளிருந்த மோட்டார் கொட்டகையைக் கை காட்டினார். சுகன்யா வரப்பில் ஓடினாள். துப்பாக்கியை உருவினாள். கதவை ஓர் உதை!

கட்டிப் போட்ட பையனை எதிர்பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கலைவேந்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கயிறு இல்லை. காவல் இல்லை. வாயில் இருபத்தாறாவது இட்லி.

"வாங்க மேடம்... இட்லி சாப்பிடறீங்களா?"

வெறுங்கால். நீட்டிய வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

வாசலில் விட்டுப்போன செருப்பு... தொடாத பன்னிரண்டு முட்டை... சுகன்யாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. துப்பாக்கியை உறையில் போட்டாள்.

"உன்னை நீயே கடத்திக்கிட்டியாடா?"

அவன் தலை குனிந்தான்.

"போன மார்ச்ல ஒரு மேட்ச் மேடம். தலையில அடி. நாலு நிமிஷம் எனக்கு நெனவே இல்ல. அம்மா இங்க போன்ல பாத்துக்கினு இருந்தாங்க. எம்புள்ள ஏந்துட்டான்னா உன் நெருப்புல நடக்க வெக்கிறேன் தாயேன்னு வேண்டிக்கினாங்களாம். ஏந்துட்டேன்."

"லீவு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். நெருப்புல நடக்கணும்னதும் கோச் சிரிச்சாரு. ஒடம்புக்கு ஆபத்தானது எதுவும் கூடாது, கான்ட்ராக்ட் போயிடும்னாரு."

"நூத்தி முப்பது கிலோ ஆளுங்க ஓடி வந்து முட்டறாங்களே... அது ஆபத்து இல்லையா?"

"அது வேலை மேடம்."

சுகன்யா ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். பின்கட்டுல போய் அழுதாங்க. இனிமே ஒவ்வொரு மேட்சுக்கும், வேண்டுதல் பாக்கி கீதேன்னு உசுரைக் கையில புடிச்சிக்கினு பாப்பாங்க மேடம். அதான் மாமாகிட்ட சொன்னேன்."

"மாமாவா?"

"விஜயராணி எனக்கு அக்கா மொறை மேடம்" என்றார் பின்னாலேயே வந்த சுப்புராயன். "தாய்மாமன் நானும் கூட மிதிக்கறேன்டான்னு நேத்து சாயங்காலம் கட்டிக்கினேன்."

"அம்மாவைப் பதற வெச்சுட்டீங்களே... பாவம், அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்று மாமனும் மருமகனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தெரியும்!"

கொட்டகை வாசலில் விஜயராணி. கையில், தூக்கோடு வைக்க மறந்த சட்னிக் கிண்ணம். பின்னால் மூச்சு வாங்கியபடி எழிலரசன்.

"முட்டை வேணாம்னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சு மேடம்... என் புள்ள காப்பு கட்டிக்கினான்னு."

மகனின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். உடனே அதே இடத்தைத் தடவினாள். அமெரிக்காவே முட்டியும் அசையாத அந்தக் கழுத்து அம்மாவின் கைக்கு வளைந்துகொடுத்தது. சுகன்யாவுக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

எழிலரசன் கைகூப்பினான்.

"மேடம்... கடத்திட்டாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. இவன் பொழப்பு உங்க கையில."

"பொய் எழுத மாட்டேன்."

நான்கு முகங்களும் தொங்கின.

"உண்மையைத்தான் எழுதுவேன்" என்றாள் சுகன்யா. "ஏட்டய்யா... நாளைக்குத் தீ மிதிச்சு முடிச்சதும் என்னை வந்து பாருங்க. அப்புறம் இருக்கு உங்களுக்கு நிஜத் தீமிதி!"

ஞாயிறு மாலை.

நூற்றுப் பதினெட்டு கிலோ நெருப்பில் நடந்தது. பின்னாலேயே தொப்பியில்லாமல் சுப்புராயன். குழியைத் தாண்டி வந்த மகனைக் கட்டிக்கொண்டு விஜயராணி தேம்பினாள். காலையில் கபடியில் தோற்ற மணிவண்ணன்கூட விசிலடித்தான்.

காப்பு அவிழ்ந்தது. எழிலரசனின் கார் எல்லைக் கல்லருகே தயாராக நின்றது. சுகன்யாவின் ரிப்போர்ட் மொழிபெயர்ப்போடு ஒமாஹாவுக்குப் போய்விட்டிருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'கலைவேந்தன் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை செலியமேடு எல்லைக்குள் தடுத்து வைக்கப்பட்டார். அவர் சக்திக்கு மீறிய பிடி. தடுத்தவர்: பெண். பெயர்: திரௌபதை. முகவரி: கோயில் தெரு, செலியமேடு. உடந்தை: தாய்மாமன் ஒருவர். அவருக்கு ஒரு மாதம் டிராஃபிக் டியூட்டி.'

எழிலரசனின் போன் அடித்தது. பேசினான். முகம் மலர்ந்தது.

"கோச் மேடம்! ரெண்டு நாள் தள்ளிக் கொடுத்துட்டார்! கான்ட்ராக்ட் பத்திரம்! ஆனா..."

"ஆனா?"

"ரொம்பப் பயந்து போயிருக்கார். எங்க ப்ராப்பையே ரெண்டு நாள் பிடிச்சு வெச்சாங்களே, அந்த அம்மாவை அரெஸ்ட் பண்ணியாச்சான்னு கேக்கறார்."

தெருமுனையில் மேளச் சத்தம் நெருங்கியது. சுகன்யா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கக் கிளம்பினாள்.

"இல்லைன்னு சொல்லுங்க. இதோ தெருத் தெருவா ஊர்வலம் போறாங்க... பந்தோபஸ்தே நாங்கதான்!"