சீமைப் பூட்டுப் போட்ட படகு

ஏனோக் பூட்டைத் திறந்தான்... மூடியைத் தூக்கினான்... அலறினான்!

படகின் பின்பக்கத்து மரப்பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டியவை பித்தளை விளக்குகள், துடுப்பு மாட்டும் பித்தளைக் கவைகள், ஒரு நங்கூரம்.

இருந்தது வாசு.

ஏனோக்குடன் படகுகளுக்குக் காவல் இருந்த பையன், முழங்கால் நெஞ்சில் முட்ட, மடக்கிப் போட்ட பாய் மாதிரி கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பித்தளைச் சாமான் ஒன்றுகூட இல்லை.

பேத்தமங்கலம் ஏரியில் காலை வெயில் சுகமாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கென்ன, அது பாட்டுக்கு அடிக்கும்.

தங்க வயல் துரைமார்கள் இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். படகு விடுவார்கள், பீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் படகுகள் கேட்பாரற்றுக் கரையில் கட்டிக் கிடக்கும். கொஞ்ச நாளாகச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இன்னும் ஒரு திருகாணி போனாலும் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று ஏரிக்கரை பங்களா துரை, காவல்காரன் ஏனோக்கிடம் கத்திவிட்டுப் போனார்.

ஏனோக் மூளையைக் கசக்கினான். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி இந்தப் பெட்டிக்குள் போட்டான். சீமைப் பூட்டு மாட்டினான். ஒரே சாவி, சுண்டுவிரல் நுனியளவு. அது ஏனோக்கின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

பூட்டு உடைபடவில்லை... அங்கேதான் வந்தது வினை!

இன்ஸ்பெக்டர் தாமோதரம் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பவரைப் போல வாசுவைப் புரட்டிப் பார்த்தார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான், சாமி."

"வேற யார் கைக்கும் போகலையா?"

"ஞாயித்துக்கெழம தொரை கைக்கு மட்டும் போவும். சாயங்காலம் திரும்பி வந்துடும்."

"அப்ப தொரைய புடிச்சி உள்ள போடட்டுமா?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தான் பங்களா பட்லர் பர்னபாஸ். வெள்ளைக் கோட்டு, அடர்ந்த தாடி. மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தவன். சுரங்கம் என்றாலே எனக்குப் பயம், அந்தப் பக்கமே போனதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன்.

"நேத்து ரெண்டு பேருக்கும் சண்டை, அய்யா. 'ஒன்ன கொன்னுடுவேன்டா'ன்னு இந்தாளு கத்துனது என் காதுல விழுந்துச்சு."

உண்மைதான். காவல் நேரத்தில் தூங்கினான் என்று ஏனோக் வாசுவைத் திட்டியிருந்தான். பெற்ற பிள்ளையைத் திட்டுகிற திட்டு அது.

வாசுவின் அண்ணன் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தவன். இவனையாவது பள்ளத்தில் இறக்காதே என்று தாய் பாப்பம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏனோக்தான் அவனை இங்கே சேர்த்துவிட்டான். ஏரிக்கரை, காற்று, வெளிச்சம்... இதைவிடப் பத்திரமான வேலை ஏது என்று நினைத்தான். நினைத்ததற்கு இப்போது நெஞ்சு வெடித்தது.

பங்களா சமையல்காரி, இரண்டு மீன்காரர்கள், பட்லர் என அங்கிருந்த எல்லோரையும் கான்ஸ்டபிள்கள் சோதித்தார்கள். பை, மடி, தலைப்பாகை, மூட்டை எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். இதற்குத் தூக்குதான் என்று கான்ஸ்டபிளிடம் சாதாரணமாகச் சொன்னார்.

ஏனோக் காலில் விழுந்தான்.

"ஒரே ஒரு தபா நான் தேடிப் பாக்கறேன், சாமி. அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க."

"நீ இன்னா பெரிய போலீஸா?"

இல்லை. ஆனால் இங்கே வருவதற்கு முன் சாம்பியன் ரீப்ஸ் சுரங்க கேட்டில் ஷிப்டு முடிந்து வருபவர்களைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. ஒரு குண்டுமணித் தங்கம் வெளியே போனாலும் அவன் தலைதான் உருளும். அதைச் சொல்லிக் கெஞ்சினான். இன்ஸ்பெக்டர் சுருட்டைப் பற்றவைத்து, இது முடிகிறவரைக்கும்தான் நேரம் என்றார்.

நால்வரும் வரிசையில் நின்றார்கள். ஏனோக்குக்குப் பழைய கேட்டுக் குரல் தானாக வந்தது.

"ஆளு வா!"

முதல் மீன்காரன் திருதிருவென்று விழித்தான். கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அடுத்தவன் என்ன செய்யணும் என்று கேட்டான். சமையல்காரி முந்தானையை உதறிக் காட்டி அழுதாள். ஒன்றுமில்லை.

சுருட்டு பாதிக்கு மேல் எரிந்துவிட்டது...

"அடுத்த ஆளு!"

பர்னபாஸ் ஓரடி முன்னால் வந்தான்.

இரண்டு கைகளும் மேலே போயின. விரல்கள் விரிந்தன. இடது பாதம் உள்ளங்கால் தெரியத் திரும்பியது, பிறகு வலது பாதம். வாய் ஆவென்று திறந்தது.

யாரும் சொல்லவே இல்லை!

ஆள் ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு தொழிலாளியும் கேட்டில் தினம் தினம் செய்கிற வரிசை இது. உடம்பில் ஊறிப்போன பழக்கம். சுரங்கத்தையே பார்க்காத மெட்ராஸ் பட்லருக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பர்னபாஸுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாய் மூடப் போனது. அதற்குள் ஏனோக்கின் கை தாடையைக் கவ்விக்கொண்டது.

"நாக்கத் தூக்கு."

நாக்குக்கு அடியில் பளபளத்தது...

சாவி!

ஏனோக்கின் கழுத்தில் தொங்கியதற்கு அச்சு அசல் ஜோடி. அரம் போட்ட விளிம்பு இன்னும் மழுங்கவில்லை. ஞாயிறுதோறும் சாவி துரையின் மேஜையில் கிடக்கும். மேஜை துடைப்பவன் பட்லர். மெழுகில் அச்செடுக்க எவ்வளவு நேரமாகும்?

ஏனோக் தாடிக்குப் பின்னால் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தான். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"காத்தவராயன்... நாக்குக்கடியில தங்கத்த வெச்சிக்கினு கேட்டத் தாண்டப் பாத்தவன். நான்தான் புடிச்சிக் குடுத்தேன், சாமி. ஜெயிலுக்குப் போனான்."

பட்லர் காறித் துப்பினான்.

"அங்க கல்லு ஒடைக்கறப்பல்லாம் ஒன் மூஞ்சிதான்டா தெரிஞ்சுது. நீ தூக்குல தொங்கறத பாக்கத்தான் இந்தக் கோட்ட மாட்டினேன். ஒன் பொட்டிக்குள்ள போட ஒரு பொணம் வேணும்... பையன் தூங்கிக்கினு இருந்தான்."

பித்தளைக்காகச் செத்திருந்தால்கூட ஏனோக் மனதைத் தேற்றியிருப்பான். தன் மேல் இருந்த வஞ்சத்துக்கு வாசு போய்விட்டான். பாப்பம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

விலங்கு கை மாறியது. பித்தளையை எங்கே விற்றாய், கூட்டாளி யார் என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். காத்தவராயன் முறைத்தான்.

"வக்கீல் வரட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

தாமோதரம் சுருட்டை ஏரியில் எறிந்தார்.

"அடப்பாவி, இந்த புத்தி கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, இந்நேரம் ஏனோக்கையில்ல ஜட்காவுல ஏத்திக்கினு போயிருப்பேன்?"